சவுக்கும் சாவியும்

வேதம் விண்ணிலிருந்து இறங்கியது என்பர். அதிலே ஓர் எழுத்தைக் கூட்டினாலும் பாவம், ஓர் எழுத்தைக் குறைத்தாலும் பாவம் என்பர். அப்படி அறைந்து சொன்னவர்களின் கையிலேயே ஒருநாள் கத்தரிக்கோல் இருந்தது! எங்கே? எப்போது? 1807-ஆம் ஆண்டில், இலண்டன் மாநகரில்.

மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களிலே, ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட மக்கள் வெயிலிலே வெந்து, சவுக்கடியிலே துடித்து, ஐரோப்பியரின் தேநீருக்குச் சர்க்கரை ஆக்கிக் கொண்டிருந்தனர். அந்த அடிமைகளின் ஆன்மாவைக் கடைத்தேற்றக் கருணை கொண்டனர் சிலர். அடிமைகளுக்கென்றே தனியாக ஒரு பைபிளை அச்சிட்டனர். புராட்டஸ்டண்டு கிறித்தவர்களின் பைபிளில் உள்ள அதிகாரங்கள் 1189. அடிமைக்கென்று அச்சான புத்தகத்தில் இருந்தவை 232! மற்றவை எங்கே போயின? கத்தரிக்கோலுக்கு இரையாயின.

எவற்றை வெட்டினர் என்று பார்த்தால், வெட்டியவரின் உள்ளம் விளங்கிவிடும். யோசேப்பு அடிமையாக எகிப்துக்கு விற்கப்பட்ட கதையை விட்டு வைத்தனர். அதே எகிப்திலே அடிமைப்பட்டுக் கிடந்த மக்களை மோசே விடுவித்து அழைத்துச் சென்ற கதையை வெட்டி எறிந்தனர். அடிமைத்தனத்துக்குள்ளே போகும் வழி இருந்தது. வெளியே வரும் வழி இல்லை! மனிதனைத் திருடி விற்பவன் சாக வேண்டும் என்னும் கட்டளை வெட்டுண்டது. அடிமையென்றும் அடிமையல்லாதவன் என்றும் பிரிவு கிடையாது என்று பவுல் கலாத்தியருக்கு எழுதிய வாசகம் வெட்டுண்டது. ஆனால், அடிமை தன் எசமானுக்கு அஞ்சிப் பணிய வேண்டும் என்று எபேசியர் நிருபத்தில் காணும் அறிவுரை? அது பத்திரமாக இருந்தது!

இரண்டும் பவுலின் பெயரால் வழங்கும் கடிதங்கள். ஒன்றிலே சாவி, மற்றொன்றிலே சவுக்கு. சாவியை ஒளித்துக் கொண்டு, சவுக்கை மட்டும் அட்டை போட்டு, அதற்குத் திருநூல் என்று பெயரிட்டு, அடிமையின் கையிலே கொடுத்தார்கள்! அந்தப் புத்தகத்தில் இன்று எஞ்சியுள்ள மிகச் சில படிகளில் ஒன்று, விடுதலை பெற்ற அடிமைகளின் கல்விக்காக 1866-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட பிஸ்க் பல்கலைக்கழகத்தின் நூலகத்தில் இருக்கிறது. அடிமைக்கு எதைப் படிக்கக் கூடாது என்று மறைத்தார்களோ, அதை அடிமையின் பேரப்பிள்ளைகள் ஆராய்ச்சி செய்கிறார்கள். காலம் வழங்கிய தீர்ப்பு அது!

பைபிளின் போதனைகளைச் சிலர் மறுக்கிறார்களே, ஏன்? வேறு சிலர் அவற்றுக்குப் புதுப்பொருள் கூறுகிறார்களே, ஏன்? திமிர் என்பார் சிலர். படித்த மயக்கம் என்பார் சிலர். சாத்தானின் வேலை என்பாரும் உண்டு. வரலாறு கூறும் விடை வேறு. மறுத்தவர்களின் மூளையிலே கோளாறு தேடாதீர்கள், அவர்கள் முதுகிலே தழும்பைத் தேடுங்கள் என்கிறது வரலாறு. அமெரிக்க அடிமைகளின் கதையை எடுத்துக் கொண்டு அந்த விடையை ஆராய்வோம்.

ஆதாரம் காட்டிய ஆண்டைகள்

1822-ஆம் ஆண்டு. தென் கரோலினா மாநிலத்தின் சார்ல்ஸ்டன் நகரம். டென்மார்க் வெசி என்ற கறுப்பர், தச்சுத் தொழிலாளி, தம் விடுதலையை விலை கொடுத்து வாங்கியவர். எஞ்சிய மக்களும் விடுதலை பெறக் கிளர்ச்சிக்குத் திட்டமிட்டார் என்று குற்றம் சாட்டப்பட்டார். எகிப்திலிருந்து மக்கள் விடுதலையான கதையைப் பைபிளிலிருந்து எடுத்துரைத்து அவர் அடிமைகளை எழுப்பினார் என்றனர் சாட்சிகள். வெசியையும் சேர்த்து 35 பேர் தூக்கிலே தொங்கினர். கறுப்பர்கள் கூடிய மாதாகோயில் இடித்துத் தள்ளப்பட்டது.

அதே ஆண்டின் இறுதியில், அதே ஊரைச் சேர்ந்த ரிச்சர்டு பர்மன் என்ற பெரிய பாதிரியார், பாப்டிஸ்டு சபையின் சார்பாக ஆளுநருக்கு ஒரு நீண்ட மடல் வரைந்தார். அடிமைகளை வைத்துக் கொள்ளும் உரிமை வேதத்தால் நிலைநாட்டப்பட்டது என்று வாதாடினார். வேதத்தைச் சரியாகக் கற்பித்தால் அடிமைகள் அடங்கி நடப்பார்கள் என்றும் உறுதி கூறினார். அவரும் அடிமைகளின் உடைமையாளரே!

வெசியிடம் இருந்ததும் அந்த நூல். பர்மனிடம் இருந்ததும் அதே நூல். ஒருவர் தூக்கு மேடைக்குப் போனார். ஒருவர் பிரசங்க மேடைக்குப் போனார்.

பர்மன் பொய் சொன்னாரா? இங்கேதான் நாம் நேர்மையோடு நிற்க வேண்டும். அடிமை முறையை ஆதரித்த பாதிரிமார்கள் பைபிளைப் படிக்காத மூடர்கள் அல்லர். எழுத்தெண்ணிப் படித்தவர்கள். அவர்கள் அடுக்கிய ஆதாரங்கள் கற்பனையும் அல்ல. ஆபிரகாம் முதலிய முன்னோர்களுக்கு அடிமைகள் இருந்தனர். சுற்றியிருக்கும் வேற்றினத்தாரிடம் அடிமைகளை விலைக்கு வாங்கலாம், அவர்களைப் பிள்ளைகளுக்குச் சொத்தாக விட்டுச் செல்லலாம் என்று லேவியராகமம் அனுமதிக்கிறது. எசமான் அடித்த அடியில் அடிமை அங்கேயே செத்தால் தண்டனை உண்டு. ஓரிரு நாள் உயிரோடிருந்து செத்தால் தண்டனை இல்லை, ஏனெனில் அவன் எசமானின் பணம் என்கிறது யாத்திராகமம். பத்துக் கட்டளைகளிலேயே பாருங்கள்! அயலானின் வீட்டுக்கு ஆசைப்படாதே, மனைவிக்கு ஆசைப்படாதே என்ற பட்டியலில், மாட்டுக்கும் கழுதைக்கும் பக்கத்தில் அடிமையும் நிற்கிறான். பிறனுடைய அடிமைக்கு ஆசைப்படுவது பாவம். அடிமையை வைத்திருப்பது பாவம் என்று அங்கே எழுதவில்லை. புதிய ஏற்பாட்டிலோ, ஒநேசிமு என்ற அடிமையைப் பவுல் அவன் எசமான் பிலேமோனிடமே திருப்பி அனுப்புகிறார்.

"அடிமை வைத்திருக்கக் கூடாது என்று நேராகச் சொல்லும் ஒரு வரியைக் காட்டுங்கள்" என்று அறைகூவினர் ஆண்டைகளின் பாதிரிமார்கள். எதிர்த்தரப்பினர் திணறினர். அந்த ஒரு வரி கிடைக்கவில்லை!

இருக்கும் ஆதாரம் போதாதென்று இல்லாத ஆதாரத்தையும் உண்டாக்கினார்கள். நோவா தம் பேரன் கானானைச் சபித்த கதை ஆதியாகமத்தில் உண்டு. சபிக்கப்பட்டவன் கானான், அவன் தந்தை காம் அல்லன். அந்த இடத்தில் ஆப்பிரிக்கா என்ற பேச்சு இல்லை. தோலின் நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆயினும் அந்தச் சாபத்தைத் தூக்கிக் காமின் தலையில் வைத்து, காமைத் தூக்கி ஆப்பிரிக்காவில் வைத்து, கறுப்பர் யாவரும் பிறப்பாலே அடிமைகள் என்று முடித்தார்கள். பரிமேலழகர் வள்ளுவரின் அறத்துக்குள்ளே மனுவை அழைத்து வந்து உட்கார வைத்ததை அறிந்த நமக்கு, உரையாசிரியரின் கைவண்ணம் எவ்வளவு தூரம் போகும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பள்ளிக்கூடத்தின்மீது பாய்ந்த தடிகள்

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். 1688-இலேயே பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுன் என்னும் ஊரில் நால்வர் கூடி அடிமை வணிகத்தைக் கண்டித்து விண்ணப்பம் எழுதினர். தமக்குப் பிறர் எதைச் செய்ய வேண்டுமென்று விரும்புகிறோமோ அதையே பிறருக்குச் செய்ய வேண்டும் என்ற ஏசுவின் நெறியே அவர்கள் எடுத்துக் கொண்ட ஆதாரம். குவேக்கர் சபையார் 1776-இல் பிலடெல்பியாவில் கூடி, அடிமை வைத்திருப்போருக்குத் தம் சபையில் இடமில்லை என்று விதித்தனர். ஓடிவந்த அடிமையை எசமானிடம் திருப்பி ஒப்படைக்கக் கூடாது என்று உபாகமம் சொல்வதை எடுத்துக் காட்டினர் விடுதலை வீரர்கள். மோசேயின் கதையை அடிமைகள் தங்கள் சொந்தக் கதையாகவே பாடினர்.

ஆக, சவுக்கும் அந்த நூலிலே இருந்தது. சாவியும் அந்த நூலிலே இருந்தது. எவன் எதை எடுத்தான் என்பதே கேள்வி.

பிரடரிக் டக்ளஸ் தாம் கண்டதை 1845-இல் எழுதி வெளியிட்டார். மேரிலாந்து மாநிலத்தில் அடிமையாய்ப் பிறந்து, 1838-இல் தப்பியோடி, உலகறிந்த பேச்சாளரானவர் அவர். அவருடைய எசமான் 1832-இல் ஒரு மெதடிஸ்டு ஆராதனைக் கூட்டத்தில் மனந்திரும்பினாராம். பக்தி வந்தால் இரக்கம் வரும் என்று அடிமைகள் ஆவலோடு காத்திருந்தனர். என்ன வந்தது? முன்பு கொடுமைக்குக் காரணம் தேடத் தடுமாறிய மனிதருக்கு, இப்போது வேதத்திலேயே காரணம் கிடைத்தது! ஊனமுற்ற இளம்பெண் ஒருத்தியைக் காலையில் கட்டி வைத்து, குருதி ஒழுகச் சவுக்கால் அடிப்பார். அடிக்கும்போது, எசமானின் விருப்பத்தை அறிந்தும் செய்யாத வேலைக்காரனுக்குப் பல அடிகள் விழும் என்ற வேதவாக்கை ஓதுவார். கட்டியபடியே விட்டுவிட்டுக் கடைக்குப் போவார். திரும்பி வந்து மீண்டும் அடிப்பார். காலை வழிபாடும் உண்டு, மாலை வழிபாடும் உண்டு!

இன்னொரு நிகழ்ச்சியையும் டக்ளஸ் எழுதியிருக்கிறார். ஆசிரியத் தொழிலில் உள்ள நம் போன்றோர் அதைப் படித்துவிட்டு எளிதில் உறங்க முடியாது. செயின்ட் மைக்கேல்ஸ் என்ற ஊரில் அடிமைகள் சிலருக்கு எழுத்துக் கற்பிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பள்ளி தொடங்கினார்கள். பாடப்புத்தகம் எது? புதிய ஏற்பாடு! கிறித்தவ நாட்டில் இதைவிடப் புனிதமான பள்ளி வேறு என்ன இருக்க முடியும்? ஆனால் தடிகளோடு ஓடிவந்தது ஒரு கூட்டம். பள்ளியைக் கலைத்தது. தலைமை தாங்கியோர் யார்? ஊர்க் காலிகளா? இல்லை, மெதடிஸ்டு சபையின் வகுப்புத் தலைவர்கள்! வேதத்தை அடிமையின் காதிலே ஊதலாம். அவன் கண்ணிலே காட்டக் கூடாது. கேட்பவன் அடங்குவான், படிப்பவன் கேள்வி கேட்பான் அல்லவா?

கேள்விக்கு அஞ்சியே அடிமைக்கு எழுத்தறிவைத் தடுக்கும் சட்டங்கள் தென் மாநிலங்களில் எழுந்தன. 1831-இல் வர்ஜீனியாவில் நாட் டர்னர் என்ற அடிமைப் போதகர் கிளர்ந்தெழுந்து தூக்கிலே மாண்ட பின்பு, அச்சட்டங்கள் மேலும் இறுகின. வேதத்தைத் தானே படித்த அடிமை, ஆண்டையின் கண்ணுக்குத் துப்பாக்கி ஏந்திய அடிமையைப் போலவே தோன்றினான்.

பாட்டி விதித்த தடை

ஹோவர்டு தர்மன் என்ற கறுப்பினத்து அறிஞர் 1899-இல் பிறந்தவர், 1981-இல் மறைந்தவர். புளோரிடா மாநிலத்தில் அவரை வளர்த்த பாட்டி அடிமையாய்ப் பிறந்தவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். பேரன் வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள் பாட்டிக்குப் பைபிள் படித்துக் காட்ட வேண்டும். எதைப் படிக்க வேண்டுமென்பதில் பாட்டி கண்டிப்பானவர். சங்கீதம் படிக்கலாம். ஏசாயா படிக்கலாம். ஏசுவின் வரலாற்றை மீண்டும் மீண்டும் படிக்கலாம். பவுலின் கடிதங்களை? கூடாது! அன்பைப் பற்றிய அந்த ஓர் அதிகாரம் மட்டும் எப்போதாவது அனுமதி பெறும். மற்றவை வீட்டுக்குள் ஒலிக்கக் கூடாது.

கல்லூரி மாணவரான பிறகு, தர்மன் துணிந்து காரணம் கேட்டார். பாட்டி சொன்னார். அடிமைக் காலத்தில், எசமானின் வெள்ளைப் பாதிரியார் அவ்வப்போது வந்து அடிமைகளுக்குப் பிரசங்கம் செய்வார். ஆண்டுக்கு மூன்று நான்கு முறையேனும் அவர் எடுக்கும் வாசகம் ஒன்றே: அடிமைகள் எசமானுக்குப் பணிய வேண்டும் என்னும் பவுலின் வாசகம். நல்லடிமையாகவும் மகிழ்ந்த அடிமையாகவும் இருந்தால் கடவுள் ஆசி வழங்குவார் என்று முடிப்பார். அன்றைக்கே பாட்டி தம்முள் ஓர் உறுதி செய்து கொண்டாராம்: என்றேனும் விடுதலை வந்து, என்றேனும் தமக்குப் படிக்கத் தெரிந்தால், அந்தப் பகுதியை மட்டும் படிப்பதில்லை என்று!

தோழர்களே, இந்தப் பாட்டியை எண்ணிப் பாருங்கள். பல்கலைக்கழகத்தில் பயின்றவரல்லர். கிரேக்க மொழி தெரியாது, எபிரேயம் தெரியாது, எழுத்தே தெரியாது. வால்டேரையும் அறியார், இங்கர்சாலையும் அறியார். கடவுளை மறுத்தவருமல்லர், இறுதிவரை பக்தையாகவே இருந்தவர். ஆயினும் உலகப் பெருஞ்சபைகள் புனிதமென்று போற்றும் நூலைத் தம் முன்னே வைத்து, "இது எனக்கு வேண்டும், இது எனக்கு வேண்டாம்" என்று பிரித்தார். எந்தத் தராசில் நிறுத்தார்? அந்தத் தராசு நூலுக்குள்ளே இருந்ததில்லை. தாம் மனிதப்பிறவி என்ற உணர்வே தராசு! அந்தத் தராசில் பவுலின் எடை குறைந்தது. குறைந்தது என்று சொல்ல அந்த மூதாட்டிக்குத் துணிவு இருந்தது. அந்தத் துணிவுக்கே நாம் பகுத்தறிவு என்று பெயர் சூட்டியிருக்கிறோம்.

இலண்டனிலும் ஒரு கத்தரிக்கோல். புளோரிடாவிலும் ஒரு கத்தரிக்கோல். இரண்டும் வெட்டின. முன்னது அடிமையைக் கட்டிப்போட வெட்டியது. பின்னது மானத்தைக் காக்க வெட்டியது. முன்னது விடுதலையின் வரிகளை அடிமைக்கு மறைத்து வெட்டியது. பின்னது காரணம் கேட்டபோது ஒளிக்காமல் சொன்னது. இரண்டையும் ஒன்றென்போமா?

எழுத்து மாறவில்லை, எது மாறியது?

1844-இல் நியூயார்க்கில் கூடிய மெதடிஸ்டு மாநாடு, அடிமைகளை உடைய ஜேம்ஸ் ஆண்ட்ரு என்ற பிஷப்பின் பதவி பற்றி விவாதித்தது. சபை இரண்டாகப் பிளந்தது. அடிமை உடையவரைச் சமயப் பணிக்கு அனுப்ப முடியாது என்று வடக்கத்தியார் கூறியதால், 1845 மே மாதத்தில் ஜார்ஜியாவின் அகஸ்டா நகரில் தென்னகப் பாப்டிஸ்டுகள் தனிப்பேரவை கண்டனர். ஒரே ஆண்டவன்; ஒரே நூல்; இரண்டு சபைகள்! பின்பு சபைகளின் சண்டை போர்க்களத்துக்கே வந்தது. 1860-இல் அந்நாட்டில் அடிமைகள் ஏறத்தாழ 40 லட்சம் பேர். 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் மாண்டவர்கள் ஆறு லட்சத்துக்கும் மேல். இருதரப்பாரும் ஒரே பைபிளைப் படித்து ஒரே கடவுளை வேண்டுகிறார்களே என்று ஆபிரகாம் லிங்கனே 1865-இல் தம் பதவியேற்பு உரையில் வருந்தினார். அடிமைத்தனத்தை ஒழித்தது எது? அவ்வாண்டின் இறுதியில் நிறைவேறிய அரசியல் சட்டத்தின் 13-ஆம் திருத்தம். மனிதர் எழுதிய சட்டம்!

1995-ஆம் ஆண்டு, தென்னகப் பாப்டிஸ்டுப் பேரவை தன் 150-ஆம் ஆண்டு நிறைவின்போது அட்லாண்டா நகரில் கூடி, அடிமை முறையை ஆதரித்த குற்றத்துக்காகக் கறுப்பின மக்களிடம் மன்னிப்புக் கேட்டது. நல்லது, மனமார வரவேற்போம். மன்னிப்புக் கேட்க மனம் வருவது மனிதப் பண்பு. ஆனால் நாம் ஒன்று கேட்கிறோம். 1845-க்கும் 1995-க்கும் இடையே லேவியராகமத்தில் ஓர் எழுத்து மாறியதா? எபேசியருக்கு எழுதிய மடல் திருத்தப்பட்டதா? இல்லையே! எழுத்து அப்படியே இருக்கிறது. படித்த மனிதன் மாறினான். 150 ஆண்டுகளில் அவன் கண்ணிலே வெளிச்சம் கூடியது. நெஞ்சிலே நாணம் பிறந்தது. அந்த வெளிச்சத்தில் பார்த்தபோது பழைய வரிகள் கூசின. கூசியதால் புதுப்பொருள் தேடினான்.

இதற்கு ஒரு மறுப்பு எழும். "அடிமைத்தனத்தை எதிர்த்தவர்களில் பெரும்பாலோர் பக்தர்கள்தாமே? குவேக்கர்கள் பக்தர்கள். வில்பர்போர்ஸ் பக்தர். அவர்களுக்கு அந்த நெஞ்சுரம் பைபிளிலிருந்து வந்ததில்லையா?" என்பர். நியாயமான கேள்வி, நழுவாமல் விடையளிப்போம். ஆம், அவர்கள் பக்தர்கள். அந்நூலின் நல்ல வரிகள் அவர்களுக்கு ஊக்கமளித்தன, மறுக்கவில்லை. ஆனால் அதே நூலிலிருந்து பர்மனுக்கு வேறொரு ஊக்கம் கிடைத்ததே! ஒரு விளக்கு ஒருவனுக்கு வழியும் மற்றொருவனுக்குக் குழியும் காட்டுமானால், பெருமை விளக்குக்கா, விழித்திருந்த கண்ணுக்கா? அவர்களை நல்லவர்களாக்கியது நூலின் இரக்கமுள்ள வரியைத் தேடியெடுத்த அவர்கள் உள்ளமே.

இங்கர்சாலை நம் இளைஞர்கள் அறிவார்கள். 1833-இல் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தவர். தந்தையும் அடிமை ஒழிப்பில் நாட்டமுடையவர். உள்நாட்டுப் போரில் வடக்கத்திப் படையில் கர்னலாக நின்று போரிட்டவர் இங்கர்சால். மோசேயின் பிழைகள் என்ற பொருளில் அவர் ஆற்றிய சொற்பொழிவுகள் 1879-இல் நூலாயின. அடிமைத்தனத்துக்குப் பைபிள் இடம் கொடுத்ததை மேடைதோறும் அவர் இடித்துரைத்தார். அவர் பாதி வழியில் நிற்கவில்லை. தராசு என் கையில் இருக்கிறது என்று வெளிப்படையாகவே சொன்னார்.

கொழும்பில் ஒரு கேள்வி

மறுப்பவரும் புதுப்பொருள் காண்பவரும் நேருக்கு நேர் சந்தித்தால்? அந்தச் சந்திப்பும் நடந்தது. நமக்கு அண்மையிலேயே நடந்தது. முன்னே கூறிய தர்மன் 1935-இல் நட்புப் பயணமாக இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்தார். கொழும்பிலே அவர் பேசி முடித்த பின், சட்டக் கல்லூரித் தலைவர் அவரைத் தனியே அழைத்துக் கேட்டார். உங்கள் முன்னோரை ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துச் சென்றவர்கள் கிறித்தவர்கள். அடிமைக் கப்பல் ஒன்றின் பெயரே ஏசு. வாங்கியவர்கள் கிறித்தவர்கள். பவுலை மேற்கோள் காட்டி அதற்குச் சமய ஒப்புதல் அளித்தவர்கள் கிறித்தவப் பாதிரிமார்கள். அறிவுள்ள நீர் அந்த மதத்தின் சார்பில் இங்கு வந்திருப்பது, உலகத்துக் கருநிற மக்கள் அனைவருக்கும் செய்யும் துரோகமாகாதா? கேள்வியின் கருத்து இது. கப்பலைப் பற்றிய செய்தி உண்மையே: 1564-இல் ஜான் ஹாக்கின்ஸ் என்ற ஆங்கிலேயன் அடிமை பிடிக்கக் கொண்டு சென்ற கப்பல், எலிசபெத் அரசி கொடுத்த கப்பல், அப்பெயர் தாங்கியதே!

தர்மன் அந்தக் கேள்வியை ஒதுக்கவில்லை. நெடுநேரம் உரையாடினார்; அதன் பின்னும் சிந்தித்து, 1949-இல் ஒரு நூலே எழுதினார். ஏசு ஏழை, யூதர், உரோம ஆட்சியின்கீழ் உரிமையற்று வாழ்ந்த இனத்தவர், ஆகவே சுவரோரம் தள்ளப்பட்ட மக்களுக்கே அவர் சொந்தம் என்பது அவர் கண்ட புதுப்பொருள். அதனை நாம் எள்ளி நகையாடோம். அடிமைகளின் பேரன், ஆண்டைகளின் கையிலிருந்து ஏசுவைப் பறித்து வந்த முயற்சி அது. ஆனால் பறித்து வந்த கை எவருடையது? அது மனிதக் கை! கொழும்பில் கேட்கப்பட்ட கேள்வி இல்லையேல், பாட்டி விதித்த தடை இல்லையேல், அந்தப் புதுப்பொருளுக்கு எங்கே பிறப்பு? மறுப்பவன் கேட்கும் கேள்வியே புதுப்பொருள் காண்பவனை எழுப்புகிறது. ஆகவே மறுப்பவனைக் கல்லெறிந்து விரட்டாதீர்கள் என்று பக்தர்களுக்கே கூறுகிறோம்; உங்கள் சமயத்தைத் திருத்தும் இலவச ஆசிரியன் அவன்!

பெண்ணும் சுவரும்

கறுப்பருக்கு நேர்ந்தது பெண்ணுக்கும் நேர்ந்தது. 1840-இல் இலண்டனில் கூடிய உலக அடிமை ஒழிப்பு மாநாட்டில், அமெரிக்காவிலிருந்து வந்த பெண் பிரதிநிதிகளுக்கு அவையில் இடம் மறுத்தனர். அடிமையின் விலங்கை உடைக்க வந்த மாநாடு பெண்ணைத் திரைக்குப் பின்னே உட்கார வைத்தது! அதைக் கண்ட எலிசபெத் கேடி ஸ்டாண்டன், முதுமையில் வேறு சில பெண்களோடு சேர்ந்து, பைபிளில் பெண்ணைத் தாழ்த்தும் பகுதிகளை ஒவ்வொன்றாக எடுத்து விமரிசித்து, 1895-இலும் 1898-இலும் 'பெண்கள் பைபிள்' என்ற நூலை வெளியிட்டார். பெண்ணுரிமைச் சங்கமே அஞ்சியது. அந்நூலுக்கும் தனக்கும் தொடர்பில்லை என்று 1896-இல் தீர்மானம் போட்டது. பெண்ணுரிமைக்கு உழைத்தவர்களும் அந்த நூலைத் தொடும்போது கை நடுங்கினர் என்றால், தொட்ட கிழவியின் துணிவை என்னென்பது!

தென்னாப்பிரிக்காவிலோ, டச்சுச் சீர்திருத்தச் சபை 1857-இல், சிலருடைய பலவீனத்தை முன்னிட்டு, கறுப்பருக்குத் தனி வழிபாடு நடத்தலாம் என்று முடிவு செய்தது. பலவீனம் என்பது எது? ஒரே கிண்ணத்தில் இராப்போசனம் அருந்த வெள்ளையருக்கு இருந்த அருவருப்பு! அந்தச் சிறு இடைவெளி நாளடைவில் நாட்டையே பிளக்கும் நிறவெறிக் கொள்கையாயிற்று. 1982-இல் உலகச் சீர்திருத்தச் சபைகளின் கூட்டணி, நிறவெறிக்குச் சமய நியாயம் கற்பிப்பது வேதப் புரட்டு என்று அறிவித்தது.

கடல் கடந்த கதை என்று எண்ண வேண்டா. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் என்ற ஊர். அங்கே கத்தோலிக்கர் கோயிலைக் கால்சட்டை போல் இரண்டு பிரிவாகக் கட்டினார்கள். ஒரு பக்கம் வேளாளர், மறுபக்கம் நாடார், இடையிலே தடுப்பு! இரு பக்கத்திலும் ஒரே பூசை. அடிமையென்றும் அடிமையல்லாதவனென்றும் பிரிவில்லை என்ற பவுலின் வாசகம் தமிழிலும் இருந்தது. தமிழில் இருந்ததால் சாதி கரைந்துவிடவில்லை. 1910-இல் பாதிரிமார்களே தடுப்பை இடித்தனர். இடித்தது தவறென்று நீதிமன்றம் ஏறினர் மேல்சாதியார். சென்னை உயர் நீதிமன்றம் முடிவில் அவர்கள் கோரிக்கையை ஏற்கவில்லை. நூல் தானே நடந்து போய்ச் சுவரை இடித்ததில்லை. கடப்பாரை ஏந்த ஒரு கை வேண்டியிருந்தது. அந்தக் கைக்கு வெட்கம் வேண்டியிருந்தது.

நாம் கேட்பது ஒன்றே

பைபிளைச் சிலர் மறுப்பதேன்? அதன் பெயரால் விழுந்த அடியை அவர்கள் மறக்கவில்லை, அதனால் மறுக்கிறார்கள். சிலர் புதுப்பொருள் கூறுவதேன்? நூலைக் கைவிட மனமில்லை, நூல் சொல்லும் கொடுமையைக் கைக்கொள்ளவும் மனமில்லை; அதனால் பொருளை மாற்றுகிறார்கள். முன்னவர் கோபக்காரர், பின்னவர் பாசக்காரர். இருவருக்கும் நீதிபதி ஒருவரே. இருவரும் நூலை நீதிமன்றத்துக்கு அழைத்துச் சென்று, அறிவின் முன்னே நிறுத்தியிருக்கிறார்கள்.

ஆகவே புதுப்பொருள் கூறும் நண்பர்களிடம் பகையின்றிக் கேட்கிறோம். அடிமை முறை தவறென்று எந்த வரி உங்களுக்குக் கற்பித்தது? நேரான வரி இல்லை என்பதை நீங்களே அறிவீர்கள். உங்கள் நெஞ்சு கற்பித்தது. நெஞ்சு சொன்னதை நூலின் வாயில் வைத்துப் பேசுகிறீர்கள். அந்த நெஞ்சுக்கே உரிய பெருமையை அதற்கே கொடுத்துவிட்டால் என்ன குறைந்துவிடும்? கொடுக்காவிட்டால் வரும் கேட்டையும் எண்ணிப் பாருங்கள். நூலே முடிவென்று நீங்கள் சொல்லும்வரை, நாளை இன்னொரு பர்மன் வருவான். உங்கள் மேடையிலே ஏறி, உங்கள் நூலையே விரித்து, நீங்கள் மறந்த வரியைப் படிப்பான். அவனுக்கு என்ன மறுமொழி வைத்திருக்கிறீர்கள்?

இளைஞர்களுக்குக் கூறுவதும் அதுவே. பைபிளுக்கு மட்டும் உரிய பாடம் இதுவன்று. எந்த நாட்டு வேதமாயினும், எந்த மொழிப் புராணமாயினும், எவ்வளவு பழமையானதாயினும், விரிக்குமுன் அந்தப் புளோரிடாப் பாட்டியை நினைத்துக் கொள்ளுங்கள். எழுத்தறியாத அந்த மூதாட்டி செய்ததை, எழுத்தறிந்த நாம் செய்ய அஞ்சலாமா? எந்த வரி மனிதனை நிமிர்த்துகிறதோ, அதை எவர் சொன்னாலும் எடுத்துக் கொள்வோம். எந்த வரி மனிதனைக் குனிய வைக்கிறதோ, அதை எந்தக் கடவுள் சொன்னதாக எவர் சொன்னாலும், "படிக்காதே, மூடி வை!" என்போம்.

சாவியைக் காட்டும் நூல்களிலும் சவுக்கு இருக்கும். எடுப்பது நம் கை. அந்தக் கைக்கு வழிகாட்ட அறிவு இருக்கட்டும்!